திங்கட்கிழமைக் கோட்டு

சுல்தான் பாய் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே பேசக்கூடியவர். மற்ற தையற்காரர்கள் ஊசி வாயில் இருக்கும்வரை மௌனம் காப்பார்கள். வந்தவருக்கு அது ஓர் ஓய்வு. பாயிடம் அந்த ஓய்வு கிடைக்காது.

அவர் கடை ஈப்போவில் லிட்டில் இந்தியா பக்கம், ஒரு நகைக்கடையின் மாடியில் இருக்கிறது. மரப்படி ஏறிப் போக வேண்டும். ஒரே ஒரு மின்விசிறி. அது எப்போதும் பாய் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ, ஒரு சனிக்கிழமை மதியம், அங்கிருந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் என் மைத்துனன் மணியம் நின்றுகொண்டிருந்தான்.

அவன் மேல் இருந்தது பேரங்காடியில் வாங்கிய ரெடிமேட் கோட்டு. கரும்சாம்பல் நிறம், பொருத்தமான கால்சட்டையும் சேர்ந்தே வந்தது. நல்ல துணிதான். ஆனால் மணியம் அதை வாங்கியது தன் பழைய உடம்புக்கு. லாரி ஓட்டிய காலத்து அளவைக் கடைப் பெண்ணிடம் சொல்லி, போட்டுப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். இப்போது கண்ணாடி முன்னால் கோட்டு நின்றது. அதற்குள் எங்கோ மணியமும் நின்றான்.

பாய் முதுகுப் பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்து ஊசி குத்தினார். பிறகு இரண்டு தோள்களையும் தட்டினார்.

"தோள் கரெக்டா உக்காந்திருக்கு. தோள் மட்டும் சரியில்லைன்னா நான் தொடவே மாட்டேன். கோட்டைக் கொண்டுபோய் கடையிலேயே குடுத்துடுங்கன்னு சொல்லிடுவேன். எத்தனை லாயரு இந்தப் படியிலே அழுதுகிட்டு இறங்கியிருக்காங்க தெரியுமா?"

உடம்பு இளைத்தாலும் எலும்பு இளைப்பதில்லை. லாரிக்காரன் தோள் அப்படியே இருந்தது.

அடுத்து இடது கைக்கு வந்தார். கையின் சுற்றளவு பார்க்க விரல்களை வைத்தவர் சட்டென்று நிறுத்தினார். பேச்சும் நின்றது. வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்தார்.

"என்ன அண்ணே இது? உள்ளே மெஷின் ஓடுது."

மணியம் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ஓடத்தான் செய்யும் பாய்," என்றான் அவன். "அது நின்னா நான் காலி."

செவ்வாய், வியாழன், சனி

மணியம் என் மனைவி லெட்சுமியின் தம்பி. பெரும்பாலும் ஈப்போவிலிருந்து லூமுட் வரை சரக்கு ஏற்றி இறக்கி, பாதி வாழ்நாளை அந்தச் சாலையில் கழித்தவன். இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை வியாதி முதலில் அவன் கண்ணைப் பார்த்தது, பிறகு சிறுநீரகத்துக்கு வந்தது. லாரியை விட்டுவிட்டு, ஒரு குடியிருப்பு வாசலில் காவலாளியாக உட்கார்ந்தான். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் அவனும் மகள் தர்ஷினியும்தான்.

எங்கள் ஊரில் டயாலிசிஸ் என்று டாக்டர்கள்தான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது 'ரத்தம் கழுவுறது'. செவ்வாய், வியாழன், சனி, விடிந்ததும் நான் காரை எடுத்துக்கொண்டு போய் அவனை டயாலிசிஸ் நிலையத்தில் விடுவேன். மதியம் போய் அழைத்து வருவேன். ஓய்வு பெற்றவனுக்கு இது ஒரு பதவி. சம்பளம் கிடையாது என்பதைத் தவிர, அரசாங்க வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ரத்தம் கழுவுபவர்களின் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை உள்ளேயே இணைத்துவிடுகிறார்கள். அந்த இடம் புடைத்துக்கொண்டு, தொட்டால் ரீங்கரிக்கும். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இறுக்கமான எதுவும் படக் கூடாது. பாய்க்கு இதை நான்தான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டு, இடது கையை மட்டும் தாராளமாக விடுவதாகச் சொன்னார். பிறகு ஊசிகளைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு, தான் கோட்டுத் தைத்துக் கொடுத்த ஒரு நீதிபதியின் தொப்பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் நின்றவனுக்குக் குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. இயந்திரத்திலிருந்து இறங்கும்போது உடம்பு வற்றியிருக்கும். அடுத்த முறை ஏறும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. அதனால் சனிக்கிழமை மதியம் மணியம் ஒல்லி. திங்கட்கிழமை அவனுக்கு முகம் உப்பும், வயிறு ஏறும், செருப்பு பத்தாது.

நாங்கள் பாய் கடைக்குப் போனது சனிக்கிழமை மதியம். நிலையத்திலிருந்து நேராக. அந்த நேரம்தான் காரும் நானும் டவுனில் இருந்தோம்.

கோட்டு போட வேண்டிய விழா நாள் திங்கட்கிழமை.

இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆளாக நிற்பது

தர்ஷினி சட்டம் படித்து முடித்து, ஈப்போவிலேயே ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சியும் முடித்திருந்தாள். அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் ஒரு சடங்கு உண்டு. ஒரு வழக்கறிஞர் எழுந்து, இந்தப் பிள்ளை இன்னாருடைய பிள்ளை, இப்படி வளர்ந்தது, இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்பார். நீதிபதி உத்தரவிடுவார். கறுப்பு அங்கி மாட்டிவிடுவார்கள். அதற்கு முன் என்னென்ன தாக்கல் செய்ய வேண்டும், எந்த முத்திரை எந்தப் பக்கத்தில் விழ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என் மேல் இரக்கமுள்ளவர் என்றாலும், வாசகர்கள் மேலும் கொஞ்சம் வைத்திருக்கிறார். ஆகவே விட்டுவிடுகிறேன்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தமிழைச் சட்டத்து மலாயாகவும், சட்டத்து மலாயைத் தோட்டத்துத் தமிழாகவும் மாற்றி மாற்றியே முடி நரைத்தது.

தர்ஷினிக்குக் கோலாலம்பூரில், எங்கள் பேச்சில் கேஎல், நல்லதொரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்பதை மணியத்திடம் சொன்னவள் லெட்சுமி. ரகசியம் என்று சொல்லித்தான் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் ரகசியம் அந்த வேகத்தில்தான் பயணம் செய்யும்.

கோட்டு வாங்குவதற்கு முன்பு ஒரு நாள், நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் காருக்குள் மணியம் என்னிடம் பேசினான்.

"அவ என்னைப் பாக்கற பார்வையே மாறிப்போச்சு மச்சான். எல்லாச் சட்டையும் என் மேலே தொங்குது. தொங்கற சட்டையைப் பாத்துட்டு எப்படிப் போவா?"

நான் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஒரு நாளு நான் ஆளா நிக்கணும். நல்ல கோட்டு, அளவான கோட்டு. அப்பனுக்கு ஒன்னுமில்லைன்னு அவ கண்ணால பாக்கணும். அது போதும்லா, அவ போயிருவா."

நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சிகளை நிறையப் பார்த்தவன் நான். இவ்வளவு நல்ல நோக்கத்துக்காக ஒருவன் கோட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

எல்லாருக்கும் ஒரே காலணி

நீதிமன்றமும் உடையும் என்றால் எனக்கு ஒரு ஜோடி கறுப்புக் காலணிகள் ஞாபகம் வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், செருப்புப் போட்டு வரும் சாட்சியை உள்ளே விடமாட்டார்கள். தோட்டத்திலிருந்து விடியற்காலைப் பஸ் பிடித்து வந்த மனிதன் காலணிக்கு எங்கே போவான்? எங்கள் சேவகர் ஒருவர், மலாய்க்காரர், கதவுக்குப் பின்னால் ஒரு ஜோடி வைத்திருந்தார். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ரப்பர் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவன் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் இல்லை என்பான். வெளியே வந்து கழற்றிக் கொடுப்பான். பிடித்துக் கொடுத்த காவலாளி அதையே மாட்டிக்கொண்டு உள்ளே போய் ஆமாம் என்பான். அந்தக் காலணிக்கு வாய் மட்டும் இருந்திருந்தால் பேராக் மாநிலத்தில் பாதி வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கும்.

கோட்டும் அப்படித்தான் இருந்தது, ஒரு காலத்தில்.

என் மாமனார், அதாவது மணியத்தின் அப்பா, கோலா கங்சாருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். அந்தத் தோட்டம் பிறகு எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் ஆயிற்று, இப்போது பாதி வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. மணியம் வீட்டு வரவேற்பறையில் அவருடைய கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டை, நிமிர்ந்த நெஞ்சு. பார்க்கிறவர்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியோ என்று கேட்பார்கள்.

அந்தக் கோட்டு போட்டோ ஸ்டூடியோவுக்குச் சொந்தம். பல அளவு உடம்புகளுக்கு அந்த ஒரே கோட்டு. ஆள் குண்டாக இருந்தால் முதுகுத் தையலைப் பிரித்துவிட்டு முன்பக்கம் மட்டும் மாட்டிவிடுவார்கள். ஒல்லியாக இருந்தால் பின்னால் துணி காயப்போடும் கவ்விகளைப் போட்டு இழுத்துப் பிடிப்பார்கள். அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் கல்யாணமான ஆண்கள் பலரும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

மாமனார் ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். படத்தில் தெரியும் அந்தக் கம்பீரம் மூச்சை அடக்கியதால் வந்ததாம். மூச்சு விட்டால் கவ்வி தெறித்துவிடும் என்று படக்காரர் மிரட்டி வைத்திருந்தாராம்.

பாய் கடையில் அந்தக் கதையைத்தான் மணியம் சொல்லிக்கொண்டிருந்தான். தன் குடும்பத்தில் தன் உடம்புக்கென்று அளவெடுத்த முதல் கோட்டு இதுதான் என்றான். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. கைப்பக்கம் வெளியே தைத்திருந்த கம்பெனி அடையாளத் துண்டைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தார். மணியம் கையை இழுத்துக்கொண்டான்.

"அது இருக்கட்டும் பாய். இருந்தாத்தானே புதுசுன்னு தெரியும்."

"ஐயோ அண்ணே, இது கடைக்காரனுக்கு வச்சதுலா. இதோட கோர்ட்டுக்குப் போனீங்கன்னா, கோட்டைத் திரும்பக் குடுக்கப் போறீங்கன்னு ஜட்ஜ் நினைப்பாரு."

என்னைப் பார்த்தார்கள். நடைமுறைப்படி பாய் சொல்வது சரி என்று தீர்ப்பளித்தேன். துண்டை வெட்டி மணியத்திடம் கொடுத்தார். அவன் அதைக் கோட்டின் உள்பையிலேயே போட்டுக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை, நிலையத்திலிருந்து நேராகப் போய் வாங்கினோம். கோட்டு அவன் மேல் ஊற்றி வைத்த மாதிரி உட்கார்ந்தது. பாய் இரண்டு அடி பின்னால் போய் நின்று, தன் கைவேலையைத் தானே கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

லெட்சுமி நீதிபதி ஆனது

அன்று மாலை எங்கள் வீட்டில் ஒத்திகை நடத்தினேன்.

உள்ளே நுழையும்போது தலை வணங்க வேண்டும். கைபேசியை அணைக்க வேண்டும். நீதிபதி வரும்போது எழ வேண்டும். அவர் உட்கார்ந்த பிறகுதான் நாம் உட்கார வேண்டும். கோட்டுப் போட்டவன் எழும்போது பட்டனைப் போட வேண்டும், உட்காரும்போது கழற்ற வேண்டும். மேல் பட்டன் மட்டும். கீழ்ப் பட்டனைத் தொடவே கூடாது. உட்காரும்போது கழற்றாவிட்டால் கோட்டு மூட்டையாகத் தூக்கிக்கொள்ளும், ஆளும் அவசரமாகப் புறப்படப் போகிறவன் மாதிரி இருப்பான்.

லெட்சுமியை நீதிபதியாகச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தேன். மணியம் எழுந்தான், போட்டான், கழற்றினான், உட்கார்ந்தான். நான் திருப்தியடையாமல் மறுபடி செய்யச் சொன்னேன்.

"ஜட்ஜம்மாவுக்கு மீன் கழுவணும்," என்றாள் லெட்சுமி. "கேசைச் சீக்கிரம் முடிங்க."

மணியம் சிரித்தான். வெகு நாளைக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தோம். அந்த மகிழ்ச்சியில் அன்று எங்களோடு உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டான். லெட்சுமி தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி அவனுக்குத் தோசை கொடுத்து அனுப்பினாள். பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. மகளுக்காக விரதம் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னானாம். மறுநாள் திங்கள், சோமவாரம், விழா முடிந்துதான் வாயில் ஏதும் படுமாம்.

லெட்சுமி உருகிப்போனாள். பிள்ளைக்காக நீங்கள் என்றைக்காவது ஒரு வேளை சோறு விட்டதுண்டா என்று என்னைக் கேட்டாள். மணியத்தை இத்தனை வருடமாகத் தெரியும். தைப்பூசத்தன்றே கோழி எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவன். ஆனாலும் ஒருவன் விரதம் என்று சொன்ன பிறகு, குறுக்கு விசாரணை செய்ய நம் வீடுகளில் வழக்கமில்லை. அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

திங்கட்கிழமை

காலையில் அழைக்கப் போனபோது கோட்டு போட்டு, பட்டனும் போட்டு, வாசலில் நின்றுகொண்டிருந்தான். தர்ஷினி தோழிகளோடு முன்பே கிளம்பியிருந்தாள். காரில் மணியம் சாயாமல் நேராக உட்கார்ந்து வந்தான். பேசவில்லை. பதற்றம் என்று எடுத்துக்கொண்டேன். உதடு வெடித்திருந்ததைப் பார்த்தேன்; விரதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீதிமன்ற வாசலில் எனக்கு இன்னும் நாலு பேர் வணக்கம் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் மிதந்துகொண்டே உள்ளே போனேன். மணியம் முறைப்படி தலை வணங்கினான். வலது பக்கம் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்தோம். உட்கார்ந்தோம்.

அவன் பட்டனைக் கழற்றவில்லை.

முழங்கையால் இடித்தேன். "கழட்டு," என்றேன் மெதுவாக. அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி இடித்தேன். நேற்று முன்தினம் வரை நன்றாகச் செய்தவன். கோட்டு நான் எச்சரித்தபடியே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு நடைமுறை கண்ணெதிரே மீறப்படும்போது எனக்கு வேறெதுவும் தெரியாது. இது என் நோய்.

நீதிபதி வந்தார். எழுந்தோம், உட்கார்ந்தோம். தர்ஷினிக்காக அவளுடைய மூத்த வழக்கறிஞர் எழுந்து பேசினார். நல்ல குரல். அவளுடைய தாயை நினைவுகூர்ந்தார். பிறகு, இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தவர் ஒரு லாரி ஓட்டுநர், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், இன்று இந்த மன்றத்தில் இருக்கிறார் என்றார்.

இப்படிச் சொல்லும்போது பெற்றவர் எழுந்து வணங்குவது வழக்கம். மணியம் எழுந்தான்.

அப்போதுதான் நான் கோட்டைச் சரியாகப் பார்த்தேன். பட்டனிலிருந்து நான்கு பக்கமும் சுருக்கங்கள் இழுத்துக்கொண்டு ஓடின. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. முகத்தில் ஒரு கம்பீரம் இருந்தது. அந்தக் கம்பீரத்தை எனக்குத் தெரியும். அவன் வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

அவன் மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தான்.

நீதிபதி புன்னகைத்துத் தலையசைத்தார். தர்ஷினி முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். முதலில் அவள் கண் கோட்டின் மேல் போயிற்று, முகம் மலர்ந்தது. பிறகு மேலே போயிற்று. அவனுடைய உதட்டில் நின்றது. மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

முதல் குறுக்கு விசாரணை

உத்தரவு கிடைத்தது, அங்கி மாட்டினார்கள், வெளியே தாழ்வாரத்தில் எல்லாரும் படம் பிடித்துக்கொண்டார்கள். தர்ஷினி வாழ்த்தியவர்களை விலக்கிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தாள். கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை. குரல் தாழ்ந்திருந்தது.

"அப்பா, காலையிலே என்ன சாப்பிட்டீங்க?"

"விரதம்மா."

"நேத்து?"

"அவன் உனக்காக..." என்று நான் ஆரம்பித்தேன்.

"மாமா, சாட்சிக்குச் சொல்லிக் குடுக்காதீங்க."

நான் வாயை மூடினேன். அவள் சொன்னது நடைமுறைப்படி முற்றிலும் சரி.

"தண்ணி எப்ப குடிச்சீங்க?"

மணியம் தரையைப் பார்த்தான். "ஐஸு வச்சிக்கிட்டேன்மா வாயிலே. தண்ணின்னு குடிக்கல."

"எப்பத்திலேருந்து?"

"நேத்து காலையிலே போட்டுப் பாத்தேன். பட்டன் வரல. சனிக்கிழமை நல்லா வந்துச்சு, அத்தை வீட்டிலே. நேத்து வரல. அதான், ஒன்னும் உள்ளே போகலைன்னா வந்துரும்னு..."

அவள் அவன் கோட்டின் பட்டனைக் கழற்றினாள். துணி இரண்டு பக்கமும் விலகியது. அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. கை நடுங்கிக்கொண்டிருந்தது, இனிப்பு நீர்க்காரன் பட்டினி கிடந்தால் வருகிற நடுக்கம். அவள் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து உறையைப் பிரித்து அவன் வாயில் வைத்தாள். பையில் அதைத் தயாராக வைத்திருந்தாள். அன்றைக்கும், அந்த அங்கிப் பரபரப்புக்கு நடுவிலும்.

பெஞ்சில் உட்கார வைத்தாள். தண்ணீர் புட்டியின் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். அவன் அதை வாயிலேயே வைத்திருந்து விழுங்கினான்.

"எதுக்குப்பா?"

"நான் நல்லா இருக்கேன்னு நீ பாக்கணும்ல. பாத்தாத்தானே கேஎல் போவே."

தர்ஷினி புட்டியை மூடினாள். பக்கத்தில் யாரோ ஒரு குடும்பம் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நீங்க நல்லா இல்லைன்னு எனக்குத் தெரியும்பா. அது தெரிஞ்சா போயிருவேன். அத்தை இருக்காங்க, மாமா இருக்காரு. இப்படி எனக்குத் தெரியாம ஏதாச்சும் செஞ்சு வப்பீங்கன்னுதான் போகல. மறைக்கிற ஆளை விட்டுட்டு எப்படிப் போறது?"

மணியம் கோட்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். கோட்டு எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

"இந்தக் கோட்டை லூஸ் பண்ணிட்டு வாங்க," என்றாள் அவள் பிறகு. "திங்கட்கிழமை, சோறு தின்னுட்டு, உங்க அளவு தண்ணியும் குடிச்சிட்டு, இதைப் போட்டு பட்டன் போட்டுக் காட்டுங்க. நான் போறேன்."

"சத்தியமா போவியா?"

"நீங்க சத்தியமா தின்னா."

எந்த நாள் உடம்பு

அடுத்த திங்கட்கிழமை மதியம் மரப்படி ஏறினோம். அதற்கு முன் கீழே ஒரு கடையில் மணியம் சோறு சாப்பிட்டான். உப்புக் குறைவாக, ரசம் இல்லாமல்; ஆனால் சாப்பிட்டான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். சாட்சியம் கெட்டுவிடக் கூடாது அல்லவா.

கோட்டை லூஸ் பண்ண வேண்டும் என்றதும் சுல்தான் பாய் முகம் கடுத்தார். தன் கைவேலையை யாரோ குறை சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

"இங்கேதானே நின்னீங்க? இந்தக் கண்ணாடியிலேதானே பாத்தீங்க? நீங்களும்தானே தலையாட்டினீங்க வாத்தியாரே?"

நான் வாத்தியார் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்களை எல்லாம் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கழுவும் நாள், ஊறும் நாள் கணக்கை அவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சம்பந்தமில்லாமல் தன் மாமனாரின் சர்க்கரையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு கோட்டைத் திருப்பி, உள்பக்கம் தையலோரத்தில் மடித்து வைத்திருந்த துணியை இழுத்துக் காட்டினார். நல்ல வேளையாக எதையும் வெட்டியிருக்கவில்லை.

"இருக்கு துணி. சொல்லுங்க, எந்த நாள் உடம்புக்குத் தைக்கட்டும்? சனிக்கிழமைக்குத் தைச்சா திங்கட்கிழமை புடிக்கும். திங்கட்கிழமைக்குத் தைச்சா சனிக்கிழமை தொங்கும். ரெண்டும் சேந்த கோட்டை எங்கப்பன் வந்தாலும் தைக்க முடியாது."

மணியம் கண்ணாடியைப் பார்த்தான். உப்பிய முகம், ஏறிய வயிறு. இடது கையை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"திங்கட்கிழமைக்கே தைங்க," என்றான். "தொங்கினா தொங்கட்டும்."

ஒரு மாலை

பட்டனைக் கைபேசியில் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டு தர்ஷினி கோலாலம்பூர் போனாள். அதன் பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, நானும் லெட்சுமியும் மணியம் வீட்டில் இருந்தோம். லெட்சுமி சமைத்திருந்தாள். அவன் சாப்பிட்டான். அளந்து வைத்த தண்ணீரை முழுவதும் குடித்தான். பிறகு, கட்டியிருந்த கைலியின் மேலேயே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். கால்சட்டையும் போட்டால்தான் முறை என்றேன். பிள்ளை கேட்டது பட்டன் மட்டும்தான் என்றாள் லெட்சுமி.

கைபேசியை நான் பிடித்துக்கொண்டேன். திரையில் தர்ஷினி, அவளுக்குப் பின்னால் இன்னும் பிரிக்காத பெட்டிகள். மணியத்துக்குப் பின்னால் சுவரில் அவன் அப்பா, கவ்வி போட்ட கோட்டில், மூச்சை அடக்கிக்கொண்டு.

"எந்திரிங்கப்பா."

எழுந்தான்.

"பட்டன்."

போட்டான். எந்தச் சுருக்கமும் இல்லாமல் போயிற்று.

"மூச்சு விடுங்க."

விட்டான். நன்றாக, வயிறு அசைய விட்டான். அவள் கோட்டைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், மேசை மேல் இருந்த எச்சில் தட்டைக் காட்டச் சொல்லி அதையும் பார்த்தாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை.

"சரிப்பா," என்றாள். "உக்காருங்க."

மணியம் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பட்டனைக் கழற்றினான். பிறகு உட்கார்ந்தான்.